குண்டு கிராமமும் பணிப்பதிவேடும்

இன்னிக்கு எபிசோட் தேவனாம்பட்டினத்துல இருந்து ஆரம்பிக்குது. பலருக்கு இது சில்வர் பீச். ஆனா 1690ல, செஞ்சியில இருந்த மராட்டிய மன்னர் ராஜாராம் தரப்புகிட்ட இருந்து கிழக்கிந்தியக் கம்பெனி இங்க ஒரு கோட்டையை விலைக்கு வாங்குச்சு. அப்போ சென்னை கவர்னர் எலிஹு யேல். பீரங்கி குண்டு போய் விழுற தூரம் வரைக்கும் கம்பெனி எல்லை. குண்டு உப்பலவாடிங்கிற ஊர்ப் பேர்ல அந்தக் குண்டு இன்னும் இருக்கு.

நிலத்தைக் குண்டால அளந்த கம்பெனி, தன்னோட ஆட்களைக் காகிதத்துல அளந்துச்சு. எழுத்தர், ஃபேக்டர், இளநிலை வணிகர், முதுநிலை வணிகர்னு படிநிலை. யார் எப்ப வந்தார், இப்ப என்ன பதவி, என்ன சம்பளம்னு பட்டியல் போட்டு லண்டனுக்குக் கப்பல்ல அனுப்புவாங்க. 1744ல சென்னைக்கு வந்த ராபர்ட் கிளைவும் அதுல ஒரு எழுத்தர்தான், வருஷச் சம்பளம் 5 பவுண்டு. 1746ல சென்னை பிரெஞ்சுக்காரங்க கையில போனதும் தப்பிச்சு இந்தக் கோட்டைக்கு வந்தார். 1752 வரைக்கும் கம்பெனியோட சோழமண்டலக் கடற்கரைத் தலைமையிடம் இதுதான்.

ஆனா அந்தப் பட்டியல் வெள்ளைக்கார ஊழியர்களுக்கு. மூட்டை தூக்கினவங்க, படகு ஓட்டினவங்க எல்லாம் பெரும்பாலும் செலவுக் கணக்குல ஒரு தொகையா மட்டும் வருவாங்க. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க.

இப்ப நம்ம காலம். தமிழ்நாடு அரசு ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டம் கொண்டு வந்துச்சு. ஐஎஃப்எச்ஆர்எம்எஸ்னு சொன்னா ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். மொபைல்ல 'களஞ்சியம்' ஆப். பல வருஷமா கையால எழுதின எஸ்ஆர், அதாவது பணிப்பதிவேடு, கம்ப்யூட்டருக்குள்ள போகணும். என்னை மாதிரி சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு இது டேட்டா மைக்ரேஷன். ஊழியருக்கு இது வாழ்க்கை.

ஒரு உதாரணம். ஓய்வு பெறுற வயசு 60. பிறந்த மாசத்தோட கடைசி நாள் ரிடையர்மென்ட். ஆனா 1ஆம் தேதி பிறந்தவருக்கு முந்தின மாசக் கடைசியிலயே முடிஞ்சிடும். அப்போ 2ங்கிறது 1ஆ பதிவானா, ஒரு மாசச் சம்பளம் போச்சு. இனிஷியல் முன்னாடியா பின்னாடியா, பேர்ல ஒரு 'எச்' கூடவா குறையவான்னு ஆதார், பான், எஸ்ஆர் மூணும் மூணு சொல்லும். மெஷின் ஒத்துக்காது. பழைய கிளார்க் ஆளைப் பார்த்ததும் புரிஞ்சுப்பார்.

உள்ளாட்சியில இன்னொரு சிக்கல். கடலூர் 1866ல நகராட்சி ஆச்சு, 2021ல மாநகராட்சி. இங்க மூணு பேரை எடுத்துக்கோங்க. ஊராட்சி ஒன்றிய அலுவலக ஊழியருக்கு அரசு கருவூலச் சம்பளம். மாநகராட்சி நிரந்தர ஊழியருக்கு உள்ளாட்சி நிதி. தெரு கூட்டுற ஒப்பந்தத் தொழிலாளருக்கு ஒப்பந்ததாரர். மூணு பேரும் செய்றது உள்ளாட்சி வேலைதான், ஆனா பதிவு மூணு இடத்துல. மூணாவது ஆளுக்கு எஸ்ஆரே கிடையாது. ஒப்பந்ததாரர் மாறினா, பத்து வருஷம் வேலை பார்த்தேன்னு நிரூபிக்கிறதே அவர் தலையில விழுது.

1758ல பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடிச்சு இடிச்சுட்டார். ஆனா கம்பெனி எழுத்தர்களோட பேர் இன்னும் ஆவணக் காப்பகத்துல இருக்கு, மூட்டை தூக்கினவரோட பேர் இல்ல. அதனால புது சாஃப்ட்வேர் வருதுன்னா, எவ்வளவு வேகம்னு கேக்குறதுக்கு முன்னாடி, யாருக்கு அதுல ஒரு வரி இருக்குன்னு கேளுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.