இணைய வணிகம்: எல்லாம் கச்சிதமாகும்வரை காத்திருக்க வேண்டுமா?

வீட்டில் முறுக்கு, அதிரசம் செய்து இணையத்தில் விற்க நினைப்பவர்கள் நம்மிடையே பலர். கைப்பக்குவம் இருக்கிறது, வாங்குவதற்கு ஆளும் இருக்கிறது. ஆனால் சின்னம் பிடிக்கவில்லை, படம் தெளிவாக இல்லை, டப்பா மட்டமாகத் தெரிகிறது என்று தொடக்கம் தள்ளிப்போகிறது. அதற்குள் தீபாவளி வந்து போய்விடுகிறது.

இந்தத் தயக்கத்திற்குச் சோம்பல் காரணமல்ல. தோட்டத்திலும் சிறு பட்டணத்திலும் முதல் வாடிக்கையாளர்கள் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள். ஒரு டப்பா நமத்துப்போனாலும் ஊரெல்லாம் பேச்சாகிவிடுமோ என்ற அச்சம்தான் கையைக் கட்டிப்போடுகிறது. ஆனால் காத்திருப்பதிலும் நட்டம் உண்டு. ஒரு டப்பாகூட விற்காத நிலையில் 500 ஒட்டுவில்லைகளை அச்சடித்து, பிறகு எடையை மாற்ற நேர்ந்தால் அத்தனையும் வீண்.

சிறிதாகத் தொடங்கியவர்கள்

இன்று உணவு, பொருள் விநியோகம், பணப் பரிமாற்றம் எனப் பரவியுள்ள கிரேப், 2012இல் கோலாலம்பூரில் ‘மைடெக்சி’ என்ற பெயரில் வாடகைக்கார் அழைக்கும் செயலியாக மட்டுமே தொடங்கியது. மற்றச் சேவைகள் பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன, பெயரும் மாறியது.

எதில் விட்டுக்கொடுக்கக் கூடாது?

வணிகம் தொடங்கிய 30 நாள்களுக்குள் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் (எஸ்.எஸ்.எம்.) பதிந்துகொள்ள வேண்டும். சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி. வணிகப் பெயரில் 60 வெள்ளி.

உணவு விற்பவர்கள் உணவு கையாளுவோர் பயிற்சி பெற்று, டைஃபாய்டு தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டும்.

இணையத்தில் விற்பவர் வணிகப் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், பொருளின் தன்மை, முழு விலை, பணம் செலுத்தும் முறை, நிபந்தனைகள், பொருள் வந்துசேரும் உத்தேசக் காலம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும். 2013 ஜூலை முதல் இது சட்டம்.

சுத்தம், சரியான எடை, சொன்ன நாளில் பொருளை அனுப்புவது ஆகியவற்றில் எவ்வளவு கறாராக இருந்தாலும் தகும்.

எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்?

சின்னம், சொந்த இணையத்தளம், விலை உயர்ந்த டப்பா, பத்து வகைப் பலகாரம் ஆகிய எதுவும் முதல் நாளே தேவையில்லை. பகல் வெளிச்சத்தில் கைப்பேசியில் எடுத்த படமும், புலனத்தில் ஒரு விலைப்பட்டியலும், பணம் பெற டுயிட்நவ் கியூஆர் குறியீடும் போதும்.

தொடங்கும் முறை

தீபாவளிக்கு மூன்று மாதம் முன்பே ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே வகைப் பலகாரத்தை 20 டப்பா மட்டும் விற்றுப் பாருங்கள். மாவு, எண்ணெய், எரிவாயு, டப்பா, அனுப்பும் செலவு, உங்கள் உழைப்பு என எல்லாவற்றையும் எழுதி விலையை முடிவு செய்யுங்கள். வாங்கியவர்களிடம் “நல்லா இருந்துச்சா?” என்று கேட்டால், முகத்துக்காக ஆமாம் என்பார்கள். “எத்தனை நாள் மொறுமொறுப்பா இருந்துச்சு? இந்த விலைக்கு மறுபடியும் வாங்குவீங்களா?” என்று கேளுங்கள். அடுத்த முறை ஒரே ஒரு குறையை மட்டும் சரிசெய்யுங்கள். எந்த மாற்றம் பலன் தந்தது என்பது தெளிவாகத் தெரியும்.

இந்தியச் சிறு வணிகர்களுக்குக் கடன் வழங்கும் தெக்குன் நேஷனலின் ஸ்பூமி திட்டத்தை நாட நினைப்பவர்களுக்கும், ஆரம்பத்திலிருந்தே எழுதிவைத்த விற்பனைக் கணக்கு கைகொடுக்கும்.