வார்த்தைப்பாடும் பெட்டிச்சாவியும்: ஆசீர்வாதப்பர் ஒழுங்கில் பெண்களின் புதிய கூட்டுவாழ்வு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மாடிசன் நகரை ஒட்டி, ‘புனித ஞானம்’ என்ற பெயரில் ஒரு மடம் இருக்கிறது. 1953-இல் அயோவா மாநிலத்துச் சூ சிட்டியிலிருந்து வந்த ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) சபைச் சகோதரிகள் தொடங்கிய இல்லம் அது. முதலில் பெண்களுக்கு ஓர் உயர்நிலைப் பள்ளி நடத்தினார்கள். 1966-இல் பள்ளியை மூடி, எல்லாக் கிறிஸ்தவப் பிரிவினரும் வந்து தங்கிச் செபிக்கும் தியான இல்லமாக்கினார்கள். நாற்பது ஆண்டு கழித்து, 2006-இல், அங்கிருந்த கத்தோலிக்கச் சகோதரிகள் இருவர் தங்கள் வார்த்தைப்பாடுகளிலிருந்து உரோமையிடம் விடுவிப்புப் பெற்றார்கள். விடுவிப்புக் கேட்பவர் வழக்கமாக மடத்தைவிட்டு வெளியேறுவதற்காகக் கேட்பார். இவர்கள் மடத்திலேயே தங்குவதற்காகக் கேட்டார்கள்.

இந்த விந்தைக்குக் காரணம் சட்டம். பிரஸ்பிட்டீரியன் சபையின் பெண் போதகர் ஒருவர் அதற்கு முன்பே அம்மடத்தில் சேர்ந்திருந்தார். விருந்தாளியாக அல்லாமல் முழு உறுப்பினராக வாழ விரும்பினார். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, 597-ஆம் எண்ணில், துறவு அவையில் சேரத் தக்கவரைப் பற்றிப் பேசும்போது கத்தோலிக்கரை மட்டுமே குறிப்பிடுகிறது. 607-ஆம் எண், பொது வார்த்தைப்பாடு இன்றித் துறவு அவை இல்லை என்கிறது. இங்கே ‘பொது’ என்பது ஊரறியச் சொல்வதைக் குறிக்காது. உரிய தலைவர் திருச்சபையின் பெயரால் ஏற்றுக்கொள்வதைக் குறிக்கும். எனவே சகோதரிகளின் முன் இரண்டே வழிகள் இருந்தன: பிரஸ்பிட்டீரியன் பெண்ணை என்றும் வாசலில் நிறுத்தி வைப்பது, அல்லது தாங்களும் சட்டத்தின் கூரைக்கு வெளியே வந்து அவரோடு நிற்பது. இரண்டாவதைத் தேர்ந்தார்கள். ஆனால் வாக்குறுதியைக் கைவிடவில்லை. ஆசீர்வாதப்பரின் ஒழுங்குநூல் கேட்கும் வாக்குறுதியைத் தங்கள் குழுமத்தின் முன் கொடுக்கிறார்கள். திருச்சபையின் பெயரால் அதை ஏற்க ஆள் இல்லை, அவ்வளவே.

இத்தகைய குழுமங்களைப் பற்றி இரண்டு வகைத் தீர்ப்புகள் உலவுகின்றன. தண்ணீர் ஊற்றிய பால் என்பது ஒன்று. இதுவரை இல்லாத புதுமை என்பது மற்றொன்று. இரண்டுமே வார்த்தைப்பாட்டையே அளவுகோலாகக் கொள்கின்றன. அந்த அளவுகோலே பொருந்தாது என்பது என் வாதம். ஆசீர்வாதப்பர் மரபில் பெண்கள் நடத்திய வாழ்வை வார்த்தைப்பாட்டின் வகையைக் கொண்டு மதிப்பிட முடியாது. உடைமை யாரிடம் இருந்தது, ஓரிடத்தில் எவ்வளவு காலம் ஊன்றி நின்றார்கள் என்ற இரண்டையும் கொண்டுதான் மதிப்பிட முடியும்.

முதலில் ஒழுங்குநூலையே பார்ப்போம். ஆறாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அந்நூலின் 58-ஆம் அதிகாரம் புதியவரைச் சேர்க்கும் முறையைச் சொல்கிறது. இன்று துறவறம் என்றதும் நம் நாவில் வரும் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்றும் அங்கே இந்த வரிசையில் இல்லை. நிலைபேறு, வாழ்வுமுறை மாற்றம், கீழ்ப்படிதல் என்பவையே கேட்கப்படுகின்றன. முன்னைய மும்மை ஒரு வாய்பாடாக எங்கும் பரவியது பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில்தான். ‘மரபான வார்த்தைப்பாடு’ என்று நாம் சொல்லும் மரபு ஆசீர்வாதப்பரைவிட அறுநூறு ஆண்டு இளையது.

அதே அதிகாரத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது. ஆய்வாளர்கள் அதைக் கண்டும் காணாமல் போய்விடுகிறார்கள். புதியவரிடமிருந்து களைந்த பழைய உடையை எறிந்துவிடாமல் மடத்தின் உடையறையில் பத்திரப்படுத்த வேண்டும். பின்னாளில் அவர் வெளியேற நேர்ந்தால் மடத்து உடையை வாங்கிக்கொண்டு தம் உடையை உடுத்தி அனுப்புவதற்காக. 29-ஆம் அதிகாரமோ, வெளியேறியவர் திருந்தி வந்தால் மூன்று முறை வரை சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. மனிதர் போவார், வருவார் என்பதை ஆசீர்வாதப்பர் அறிந்திருந்தார். வாக்குறுதியை வலியுறுத்திய கையே துணிப்பெட்டியையும் பூட்டி வைத்தது.

வார்த்தைப்பாடு இன்றிக் கூடி வாழ்ந்த பெண்களைக் காண இனி உரோமைக்குப் போவோம். பிரான்செஸ்கா, லொரென்சோ பொன்சியானியின் மனைவி. பன்னிரண்டு வயதில் மணமாகி, பிள்ளைகள் பெற்று, கொள்ளைநோய்க்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். 1425-இல், கணவர் உயிரோடிருக்கும்போதே, சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஒலிவெத்தான் ஆசீர்வாதப்பர் துறவிகளின் சாந்தா மரியா நோவா ஆலயத்தில் தம்மை ஒப்புக்கொடுத்தார். ஒப்புக்கொடுத்தவர் என்ற பொருளில் இவர்கள் ‘ஒப்லேட்’ எனப்பட்டனர். 1433-இல் தோர் தெ ஸ்பெக்கி என்ற கட்டடத்தில் அப்பெண்கள் கூட்டாக வாழத் தொடங்கினார்கள். அவ்வாண்டே நான்காம் யூஜின் பாப்பரசர் ஒப்புதல் தந்தார். கணவர் 1436-இல் இறந்த பிறகே பிரான்செஸ்கா தாம் நிறுவிய வீட்டுக்குள் குடிபுகுந்தார். நான்கே ஆண்டில், 1440-இல், இறந்தார். 1608-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

(தமிழில் ‘கன்னியர் மடம்’ என்கிறோம். நாற்பது ஆண்டு இல்லறம் நடத்திய இந்தப் பெண்ணை அந்தச் சொல்லுக்குள் எங்கே வைப்பது? சொல்லே ஒரு முன்முடிவைச் சுமந்துகொண்டிருக்கிறது.)

தோர் தெ ஸ்பெக்கிப் பெண்கள் துறவற வார்த்தைப்பாடு எடுப்பதில்லை. தலைவிக்குக் கீழ்ப்படிவதாக ஒரு வாக்கு மட்டும் தருவார்கள். சொத்து வைத்திருக்கலாம், பரம்பரைச் சொத்தில் பங்கு பெறலாம், அனுமதியோடு வெளியே போய் வரலாம். இதன் துணிச்சல் புரிய அக்காலச் சட்டத்தை நினைவில் கொள்ள வேண்டும். 1298-இல் எட்டாம் போனிபாஸ் பாப்பரசர் பெண்துறவிகள் எல்லாரையும் மதிலுக்குள் அடைக்க ஆணையிட்டிருந்தார். 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் அதை மேலும் இறுக்கியது. பெண் வார்த்தைப்பாடு எடுத்தால் மதில் உடன் வரும். நோயாளியையும் ஏழையையும் தேடித் தெருவுக்குப் போக வேண்டுமென்றால் வார்த்தைப்பாட்டைத் தவிர்ப்பதே வழி. பக்திக் குறைவால் அன்று, பணியின் தேவையால் தவிர்த்தார்கள். அந்த இல்லம் இன்றும் இருக்கிறது. வார்த்தைப்பாட்டின் காவலில் இருந்த எத்தனையோ மடங்கள் புரட்சிகளிலும் அரசாணைகளிலும் ஆள்வற்றியும் மறைந்துபோயின. வார்த்தைப்பாடு இல்லாவிட்டால் நிலைபேறு இராது என்போர் இந்த வீட்டின் வயதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

ஆயினும் நீடித்தது எல்லாம் ஆசீர்வாதப்பர் வாழ்வு ஆகிவிடாது. வட ஜெர்மனியின் லூனபர்க் பகுதியில் ஆறு பெண்கள் மடங்கள் லூத்தரன் சீர்திருத்தத்துக்குப் பின்னும் கலைக்கப்படாமல் தொடர்கின்றன. லூனே, எப்ஸ்டார்ஃப், வால்ஸ்ரோடே ஆகிய மூன்றும் ஆசீர்வாதப்பர் மரபைச் சேர்ந்தவை. லூனே மடத்துப் பெண்கள் எழுதியும் பெற்றும் காத்துவைத்த ஏறத்தாழ 1,800 கடிதங்கள் கிடைத்திருக்கின்றன; கோமகன் எர்ன்ஸ்ட் திணித்த மாற்றத்தை எதிர்த்து அவர்கள் எவ்வளவு பிடிவாதமாக நின்றார்கள் என்பதை அவை காட்டுகின்றன. இறுதியில் மடங்கள் லூத்தரன் ஆயின. இன்று அங்கே மணமாகாதவர், கணவரை இழந்தவர், மணமுறிவு பெற்றவர் எனப் பல வகைப் பெண்கள் தலைவியின் கீழ் வாழ்கிறார்கள், வார்த்தைப்பாடு இல்லை. செபத்துக்குக் கூடுகிறார்கள், பார்வையாளருக்கு மடத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் தனிக் குடியிருப்பு. நிலம் அதே நிலம், மதில் அதே மதில். பொதுப் பந்தி மட்டும் போய்விட்டது. ஒழுங்குநூலில் உணவுக்கும் பரிமாறுவோருக்கும் உணவுநேர வாசிப்புக்கும் தனித்தனி அதிகாரங்கள் இருக்கின்றன. அடுப்பு தனித்தனியாகப் பிரிந்த வீட்டை நான் ஆசீர்வாதப்பரின் வாரிசு என்பேனே தவிர, அவரது குழுமம் என்று சொல்லத் தயங்குவேன்.

அமெரிக்க ஆசீர்வாதப்பர் சகோதரிகளின் கதை இன்னும் கூர்மையானது. 1852-இல் பவேரியாவின் ஐக்ஸ்டாட் நகரத்துப் புனித வால்புர்கா மடத்திலிருந்து பெனடிக்டா ரீப் அம்மையாரும் துணைவியரும் பென்சில்வேனியாவின் செயிண்ட் மேரிஸ் ஊருக்கு, குடியேறிய ஜெர்மானியரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வந்தார்கள். மடத்தை ஆள்வது யார் என்பதில் துறவுத் தலைவர் போனிபாஸ் விம்மருக்கும் அவருக்கும் பெரும் பிணக்கு மூண்டது. 1859-இல் உரோமை தீர்ப்புச் சொன்னது: அமெரிக்காவில் இப்பெண்கள் எடுப்பது எளிய வார்த்தைப்பாடே, அவர்கள் ஆயர்களின் ஆளுகைக்கு உட்பட்டவர்கள். பெரு வார்த்தைப்பாடு சொத்துரிமையையே அற்றுப்போகச் செய்யும். எளிய வார்த்தைப்பாட்டில் உரிமை பெயரளவில் எஞ்சும், பயன்பாடு மட்டும் கைமாறும். வகுப்பறையும் அடைப்பு மதிலும் ஒத்துப்போகாது என்பதே உள்ளிருந்த சிக்கல். ஆக, மாடிசனில் 2006-இல் நடந்ததற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு முன்பே, அமெரிக்க ஆசீர்வாதப்பர் பெண்கள் பழைய வார்த்தைப்பாட்டை இழந்துவிட்டார்கள். அதற்காக அவர்களை ஆசீர்வாதப்பர் பெண்கள் அல்லர் என்று இன்று யாரும் சொல்வதில்லை.

இப்போது பெட்டிச்சாவிக்கு, அதாவது தனியுடைமைக்கு, வருவோம். ஒழுங்குநூலின் 33-ஆம் அதிகாரம் தனியுடைமையை வேரோடு பிடுங்கச் சொல்கிறது; எழுதுகோல்கூடத் தனக்கென்று இருக்கக் கூடாது. புதிய வடிவங்கள் 58-ஆம் அதிகாரத்தை மீறுகின்றனவா என்று விவாதித்துக்கொண்டே இருக்கிறோம். உண்மையான விலகல் 33-இல்தான் நேர்கிறது. அதுவும் இன்று தொடங்கியதன்று. தோர் தெ ஸ்பெக்கியில் 1433 முதல் இருக்கிறது. திருச்சபைச் சட்டமே 668-ஆம் எண்ணில், உறுப்பினர் தம் சொத்தின் நிர்வாகத்தைப் பிறரிடம் ஒப்படைத்தால் போதும் என்கிறது. முழுத் துறப்பு அவையின் இயல்பைப் பொறுத்தது. சட்டப்படியான வார்த்தைப்பாடு எடுத்தவரும் சாவியைத் தூக்கி எறிந்துவிடவில்லை. வேறொருவர் கையில் கொடுத்து வைத்திருக்கிறார்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. 670-ஆம் எண், உறுப்பினரின் தேவை அனைத்தையும் அவை நிறைவேற்ற வேண்டும் என்று கடமை விதிக்கிறது. எண்பது வயதில் படுக்கையில் விழும் சகோதரிக்குக் கஞ்சி ஊற்றுவது அவையின் கடன். சட்டத்துக்கு வெளியே வந்த குழுமத்தில் இந்தக் கடனை யார் எழுதி வைக்கிறார்கள்? குடிமைச் சட்டப்படி பதிவான விதிகளில் அது இருக்கிறதா, நல்லெண்ணத்தில் மட்டும் இருக்கிறதா? முதுமையில் கைவிடப்படும் பெண்ணுக்கு ஆன்மிகப் புதுமையால் ஆவது ஒன்றுமில்லை. விமர்சகர்கள் தாக்க வேண்டிய இடம் இது. அவர்கள் தாக்குவதோ உடுப்பையும் சடங்கையும்.

மாடிசன் மடத்து வாழ்வில் பங்குபெற இன்னொரு வழியும் உண்டு. தனித்து வாழும் பெண்கள் ஆறு மாதம் வரை மடத்தில் தங்கி, சகோதரிகளோடு செபித்து, 130 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் புல்வெளி மீட்பு போன்ற வேலைகளில் பங்கெடுத்துத் திரும்பலாம். மடத்துக்கு மடம் அலையும் நாடோடித் துறவிகளை முதல் அதிகாரத்திலேயே கண்டித்த ஆசீர்வாதப்பர் இதை ஏற்பாரா? ஏற்பார் என்றே எண்ணுகிறேன். புதியவரின் ஓராண்டைப் பிரித்து இரண்டு மாதம் கழித்தும், அதன்பின் ஆறு மாதம் கழித்தும், மீண்டும் நான்கு மாதம் கழித்தும் ஒழுங்குநூலை வாசித்துக் காட்டி, போக விரும்பினால் போகலாம் என்று கதவைத் திறந்து வைத்தவர் அவர். ஆனால் நிலையாகத் தங்கும் சிலர் உள்ளே இருக்கும்வரைதான் இந்த வருகை ஒரு மடத்துக்கு வருகையாகும். அவர்கள் இல்லையெனில் அது விடுதி.

நம் காவிரிக் கரைக்கும் இக்கேள்வி அயலன்று. குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் 1950-இல் தொடங்கிய சாந்திவனத்தை 1968 முதல் நடத்திய பீட் கிரிஃபித்ஸ், 1991-இல் இண்டியானாவின் நியூ ஹார்மனியில் ஆற்றிய சொற்பொழிவுகளில், பொதுநிலையினர் சிறு குழுமங்களாகக் கூடி வாழும் தியான வாழ்வை எதிர்காலத்தின் வழியாகக் கண்டார். ஆசீர்வாதப்பர் துறவியான அவர் மடத்தின் எல்லையை அகலமாக வரைந்தார். பெட்டிச்சாவியைப் பற்றி அதிகம் கவலைப்பட்டவராகத் தோன்றவில்லை.

எனவே இத்துறையில் இறங்கும் இளம் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். வார்த்தைப்பாட்டுச் சடங்கின் வாசகங்களை ஒப்பிட்டது போதும். மடங்களின் கணக்கேடுகளையும், பதிவான விதிகளையும், உறுப்பினர் எழுதி வைத்த உயில்களையும், கல்லறைப் பதிவேடுகளையும் எடுங்கள். யார் யாருக்குச் சமைத்தார்கள், யார் யாரை அடக்கம் செய்தார்கள் என்று பாருங்கள்.