உறுதியும் மெய்யும்: ஒரு சொல்லின் சமூக வரலாறு

ஒரு கூற்றைச் சரிபார்த்து நிறுவுதலைக் குறிக்கப் பின்லாந்து மொழியில் வழங்கும் வினைகளுள் இரண்டு கவனத்திற்குரியன. ‘தொதெந்தா’ என்பது உண்மையைக் குறிக்கும் ‘தொசி’யின் அடியாகப் பிறந்தது, ‘வஹ்விஸ்தா’ என்பது வலிமையைக் குறிக்கும் ‘வஹ்வா’வின் அடியாகப் பிறந்தது. தமிழின் மெய்ப்பித்தல், உறுதிப்படுத்தல் ஆகியனவும் இவ்விரு வழிகளையே காட்டுகின்றன. முன்னையது உள்ளதை உள்ளவாறு காட்டுவது. பின்னையது கூற்றை அசையாததாக்குவது. இவ்விரண்டும் எப்போது ஒன்றாகும், எப்போது பகையாகும் என்பது அகராதியால் மட்டும் தீரும் வினாவன்று.

இலங்கைத் தமிழில் ‘உறுதி’ என்பது காணி உரிமைப் பத்திரத்தின் பெயருமாகும். அப்பத்திரத்துக்கு அதிகாரம் எவ்வாறு வந்தது என்பதே நாம் எழுப்பவேண்டிய வினா. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், நொத்தாரிசு முன்னிலையில், குறைந்தது இரு சாட்சிகளோடு கையொப்பமிடப்படாத காணி விற்பனை செல்லாதென விதித்தது. அதே ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காடாகவோ தரிசாகவோ கிடந்த நிலத்தை, மறுதலை நிறுவப்படும்வரை, முடிக்குரியதெனக் கொண்டது. நிறுவும் சுமை குடியானவன் தோளில் ஏறியது. பெருந்தோட்ட மூலதனத்துக்கு நிலம் தேவைப்பட்ட காலம் அது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இச்சட்டங்கள் பெருந்தோட்டப் பகுதிகளோடு நின்றுவிடவில்லை. கல்முனை, அக்கரைப்பற்று வயல்வெளிகளில் போடியார் நிலத்துக்கு உடையவர். முல்லைக்காரர் நெல்லைக் கூலியாகப் பெற்று உழைத்தவர். உறுதி ஒருவர் பெட்டகத்தில் இருந்தது. உழைப்பு மற்றவர் மெய்யில் இருந்தது. மெய் என்ற சொல் உண்மையையும் உடலையும் ஒருங்கே குறிப்பது இங்கு வெறும் சொல்லணியன்று.

இம்முரண்பாட்டின் அண்மைய வடிவை ஒலுவிலிற் காண்கிறோம். டென்மார்க்கின் கடனுதவியுடன் 2008இல் பணி தொடங்கிய துறைமுகம் 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. அரசு காணி சுவீகரிக்கும்போது, 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டப்படி, உரிமை கோருவோரே அதனை நிறுவவேண்டும். ஆனால் கடல் எவரிடமும் உறுதி கேட்பதில்லை. அலைதடுப்பு அணைகள் கரையோர மணலின் நகர்வை மறித்தன. துறைமுக வாயிலில் மணல் மூடியது. வடபுறக் கரை அரிக்கப்பட்டுத் தென்னந்தோட்டங்கள் கடலுள் வீழ்ந்தன. கரையோரக் காணி உறுதிகளில் கடலை ஓர் எல்லையாக எழுதுவதுண்டு. எழுத்து நிலைத்துநிற்க, எல்லை நகர்ந்துவிட்டது. உறுதி இருந்தது, நிலம் இல்லை.

அதனினும் பெரிய இழப்பு உறுதியே இல்லாதோருடையது. தோணியேற்றவும் கரைவலை இழுக்கவும் மீனவர் தலைமுறைகளாகப் பயன்படுத்திய மணற்பரப்புக்கு நொத்தாரிசு எழுதிய பத்திரம் ஏது? பத்திரம் இல்லாமையால் அவர்தம் இழப்புப் பொய்யாகிவிடாது. அதனைச் சரிபார்க்கப் புகுவோர் பெட்டகத்தைத் திறப்பதோடு அமையாது, கரைக்குச் சென்று, உழைத்தோரின் வாய்மொழியையும் சான்றாகக் கொள்ளவேண்டும். மெய்யினின்றும் பிரிந்த உறுதி உடைமையாளர்க்கு மட்டுமே உறுதி என்பதே இச்சொல்லின் வரலாறு நமக்கு உணர்த்துவதாகும்.