ஆட்கணக்கும் வாக்குக்கணக்கும்

மண்டபம் முகாமில் சில நாள் தங்கவைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கிய திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்து ஏழை ஜனங்களைச் சென்ற வாரம் மலைநாட்டுத் தோட்டங்கள் வரையில் பின்தொடர்ந்து சென்றோம். அவர்கள் கழுத்தில் கட்டிவிடப்பட்ட தகர வில்லையை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1901 முதல் வழக்கத்துக்கு வந்த அந்த வில்லையில், ஆள் எந்தத் தோட்டத்துக்கு உரியவன் என்பதைக் காட்டும் எண்தான் முக்கியம்; வழிச்செலவையெல்லாம் அந்த எண்ணின் பேரில் தோட்டத்துக் கணக்கிலே எழுதிக்கொள்வார்கள். இப்படி எண்ணாக வந்து சேர்ந்தவர்கள் வரலாமா, எத்தனை பேர் வரலாம், வந்தவர்கள் நிலைத்து இருக்கலாமா என்று கொழும்பிலும் டில்லியிலும் ஏறக்குறைய பத்து வருஷம் நடந்த விவாதத்தை இந்த வாரம் எடுத்துக்கொள்வோம்.

முதல் நூறு வருஷம் இந்தக் கேள்வியே எழவில்லை. காப்பிக்கு ஆள் வேண்டியிருந்தது. காப்பியை இலைநோய் தின்று தீர்த்த பிறகு தேயிலைக்கு அதைவிட அதிகமாக ஆள் வேண்டியிருந்தது. தோட்டத்துரை தலைக்காசு கொடுத்தார், கங்காணி தன் ஊருக்குப் போய்ச் சொந்தபந்தங்களையும் சாதிசனங்களையும் திரட்டிக்கொண்டு வந்தான். வந்தவர்கள் கடனாளிகளாகவே வந்தார்கள் என்பதும், அந்தக் கடனைத் துண்டு என்னும் சீட்டில் எழுதித் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றினார்கள் என்பதும், அந்த முறை 1921-இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது என்பதும் முன்னரே சொல்லப்பட்ட விஷயங்கள். 1921-ஆம் வருஷத்துக் குடிமதிப்பில் இந்தியத் தமிழர் ஏறத்தாழ ஆறு லட்சம் பேர் இருந்தார்கள். அவர்கள் உழைப்பாளிகளாக மாத்திரம் எண்ணப்பட்ட வரையில் அந்தத் தொகையைக் கண்டு எவரும் கலங்கவில்லை.

கலக்கம் பிறந்தது 1928-இல். டொனமோர் பிரபுவின் தலைமையில் வந்த கமிஷன், தீவிலுள்ள வயதுவந்த ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை கொடுக்க வேண்டும் என்று சிபாரிசு செய்ததோடு, தோட்டத் தொழிலாளரில் நூற்றுக்கு நாற்பது முதல் ஐம்பது பேர் வரை ஸ்திரமாகக் குடியேறிவிட்டவர்கள் என்றும் எழுதியது. மலைநாட்டுத் தொகுதிகள் இந்தியர் கைக்குப் போய்விடும் என்ற கூக்குரல் சட்டசபையில் எழுந்தது. கவர்னர் ஸ்டான்லி சமரசமாக ஒரு திருத்தம் செய்தார். அதன்படி இந்தியத் தொழிலாளி, இலங்கையையே தன் நிரந்தர வாசஸ்தலமாகக் கொண்டவன் என்று நிரூபிக்கவேண்டும், அல்லது படிப்போ சொத்தோ காட்டவேண்டும், அல்லது ஐந்து வருஷ வாசத்தைக் காட்டி நிரந்தரக் குடியேற்றச் சான்று பெறவேண்டும். அந்தச் சான்றைப் பெறுகிறவன் இந்திய சர்க்கார் தனக்கு வாங்கிக்கொடுத்திருந்த விசேஷப் பாதுகாப்புகளைக் கைவிட வேண்டுமென்றும் நிபந்தனை இருந்தது. விடியுமுன் பிரட்டுக்களத்தில் ஆளெடுப்புக்குப் போய் நின்று, மாலையில் கொழுந்தின் எடை குறைந்தால் அரைநாள் கூலியான அரைப்பேர் போடப்படுமோ என்று அஞ்சி வாழ்ந்த ஒரு பெண்ணிடம் போய், வாக்குரிமை வேண்டுமா, கூலிப் பாதுகாப்பு வேண்டுமா என்று கேட்பது நியாயமாகுமா? இரண்டும் அவளுக்கு உரியவை என்றே நான் நினைக்கிறேன்.

இவ்வளவு தடைகளையும் தாண்டி, 1931-இல் ஏறத்தாழ ஒரு லட்சமாக இருந்த இந்திய வாக்காளர் தொகை 1936-இல் 1,45,000 ஆகவும், 1939-இல் 2,25,000 ஆகவும் பெருகிற்று. அட்டன் தொகுதியிலிருந்து பெரி. சுந்தரம் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டு, தொழில் இலாகா மந்திரியுமானார். 1936-இல் அதே தொகுதியிலிருந்து கோ. நடேசய்யர் வந்தார். தஞ்சாவூர்க்காரரான அவர், வெளியார் தோட்டத்துக்குள் காலெடுத்து வைக்கவே துரைமார் இடங்கொடாத நாளில், புடவை வியாபாரி வேஷத்தில் துணிமூட்டையைச் சுமந்துகொண்டு லயங்கள் என்னும் தொழிலாளர் குடியிருப்புகளுக்குள் புகுந்து தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தவர். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடித் தொழிலாளரைத் தட்டியெழுப்பினார். இந்தத் தம்பதிகளைப் பற்றித் தனியாகவே ஓர் அத்தியாயம் எழுதவேண்டும் என்பது என் ஆசை.

எதிர்த்தரப்பின் குறையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கண்டிச் சிங்களக் குடியானவன் தன் சேனை நிலங்களையும் மேய்ச்சல் காடுகளையும் 1840-ஆம் வருஷத்து முடிநிலச் சட்டத்துக்கும் அதன்பின் வந்த சட்டங்களுக்கும் பறிகொடுத்தவன். பள்ளத்தாக்கிலிருந்த அவனுடைய கிராமத்தைத் தேயிலை நாற்புறமும் சூழ்ந்துகொண்டது. 1930-க்குப் பின் உலகமெங்கும் வீசிய பொருளாதார மந்தம் அவனையும் பீடித்தது; கொழும்பில் வேலையற்றோர் திரண்டார்கள்; 1934-35-இல் மலேரியாக் கொள்ளைநோய் வேறு வந்து பல்லாயிரம் உயிர்களை வாரிக்கொண்டுபோயிற்று. அவனுடைய நிலத்தைப் பறித்தது பிரிட்டிஷ் சர்க்கார், அனுபவித்தது தோட்டக் கம்பெனி; ஆனால் கண்ணெதிரே நின்றவன் கொழுந்துக்கூடை சுமந்த தமிழன். ஒரு காலத்தில் எல்லா இனத் தொழிலாளரையும் ஒரே கொடியின்கீழ்த் திரட்டி வேலைநிறுத்தங்களை நடத்திய ஏ. ஈ. குணசிங்காவே கொழும்பில் வேலை செய்த மலையாளிகளை வெளியேற்ற வேண்டும் என்று பிரசாரம் செய்யத் தலைப்பட்டார் என்றால், அந்தக் கோபம் எவ்வளவு தூரம் திசைமாறிவிட்டது என்பது விளங்கும்.

வருகையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற கிளர்ச்சி முற்றவே, அதை விசாரிக்க ஸர் எட்வர்டு ஜாக்ஸன் நியமிக்கப்பட்டார். 1938-இல் வெளியான அவருடைய அறிக்கை, அந்தப் பத்தாண்டு விவாதத்தில் நிதானமாகப் பேசிய ஒரே பத்திரம் என்பது என் அபிப்பிராயம். வெளியிலிருந்து வந்தவர்கள் உள்நாட்டாரின் பிழைப்பைக் கெடுத்ததற்கு அவர் ஆதாரம் காணவில்லை. தீவின் செல்வம் பெருகியதில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு என்று கண்டார். தொழிலாளரில் நூற்றுக்கு அறுபது பேர் நிலைத்துவிட்டவர்கள் என்றும் மதிப்பிட்டார். டொனமோர் கமிஷன் கண்ட விகிதம் பத்து வருஷத்துக்குள் அவ்வளவு ஏறியிருந்தது. ஆகவே, இனி வரப்போகிறவர்களைப் பற்றியதாகத் தோன்றிய அந்த வாதம் முழுவதும், உண்மையில், ஏற்கெனவே வந்து பிள்ளை பெற்று, பெற்றோரை அந்த மலைச்சரிவிலேயே புதைத்துவிட்டு வாழ்ந்துகொண்டிருந்தவர்களைப் பற்றியதுதான். அதை வெளிப்படையாகச் சொல்லி விவாதித்திருந்தால் பின்னால் விளைந்த துன்பத்தில் பாதியாவது குறைந்திருக்கும்.

அறிக்கையை மந்திரிகள் ஏற்கவில்லை. தோட்டங்களில் குடியிருக்கும் தொழிலாளருக்குக் கிராமச் சபைத் தேர்தலில் வாக்கு மறுக்கப்பட்டது. 1935-இன் நில அபிவிருத்திச் சட்டமோ முடிநிலத்தை இலங்கையருக்கே ஒதுக்கி வைத்திருந்தது. 1939-இல் சர்க்கார் இலாகாக்களில் தினக்கூலிக்கு வேலை செய்த இந்தியரை நீக்கி ஊருக்கு அனுப்பும் திட்டம் வந்தது. ரயில் பாதையிலும் துறைமுகத்திலும் வருஷக்கணக்காக உழைத்தவர்களை இப்படி அனுப்பலாகாது என்று பேசிப்பார்க்க, காங்கிரஸ் மகாசபையின் சார்பில் ஜவாஹர்லால் நேரு ஜூலை மாதம் கொழும்புக்கு வந்தார். மந்திரிகள் சிறு சலுகைகளைத் தவிர வேறெதற்கும் இசையவில்லை. நேருவின் முயற்சியால், சிதறிக்கிடந்த இந்தியச் சங்கங்கள் ஒன்றுகூடி அம்மாதக் கடைசியில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. அந்த வருகையின் பலன் அதுவே.

ஆகஸ்டு முதல் தேதி இந்திய சர்க்கார் பதிலடி கொடுத்தது. 1922-ஆம் வருஷத்துக் குடிபெயர்ச்சிச் சட்டத்தின்கீழ், இலங்கைக்குக் கூலிவேலைக்குப் போவது அடியோடு தடைசெய்யப்பட்டது. முந்தின வருஷம் மலாயா கூலியைக் குறைத்தபோதும் இதே ஆயுதத்தைத்தான் டில்லி எடுத்தது. கொழும்பு மூடவேண்டும் என்று கூச்சலிட்ட கதவை மூடியது டில்லியின் கை! ஆள் வராவிட்டால் துரைமார் தவிப்பார்கள், துரைமார் தவித்தால் மந்திரிகள் இறங்கிவருவார்கள் என்று அங்கே கணக்குப் போட்டிருந்தார்கள். ஆனால் 1933-இன் சர்வதேசத் தேயிலை ஒப்பந்தம் ஏற்றுமதிக்கு வரம்பு கட்டியிருந்தது. தோட்டங்களில் வேண்டிய அளவுக்கு ஆட்கள் இருந்தார்கள். துரைமாருக்குப் பெரிய நஷ்டமில்லை.

நஷ்டப்பட்டவன் தொழிலாளி. அதுவரையில் அவன் கலியாணத்துக்கும் குலதெய்வப் பூசைக்கும் சாவுக்கும் ஊருக்குப் போவான், அறுப்பு முடிந்ததும் திரும்பிவருவான். தம்பியையோ மைத்துனனையோ கூடவே அழைத்துவருவான். தடை வந்த பிறகு, போனால் திரும்ப முடியுமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. தாயார் செத்துப்போனாள் என்று துறையூரிலிருந்து கடிதம் வந்தால், போய்க் கொள்ளிவைத்துவிட்டுப் பிழைப்பை இழப்பதா, லயத்து வாசலிலேயே தலைமுழுகிவிட்டு மறுநாள் பிரட்டுக்குப் போவதா என்ற சங்கடம். யுத்த காலத்தில் தடை ஓரளவு தளர்த்தப்பட்டது. ஆனால் பழைய போக்குவரத்து மீளவில்லை.

1940-இல் டில்லியிலும், மறுவருஷம் கொழும்பிலும் இரு சர்க்கார்களும் பேசிப் பார்த்தன, பயனில்லை. வாக்காளர் பதிவு இறுக்கப்பட்டு, 1943-இல் இந்திய வாக்காளர் தொகை ஏறத்தாழ 1,68,000 ஆகக் குறைந்தது. ஜனத்தொகையோ, புது ஆட்களின் வரவு நின்ற பின்னும் லயங்களில் பிறந்த குழந்தைகளால் வளர்ந்து, 1946-ஆம் வருஷத்துக் குடிமதிப்பில் 7,80,000-ஐ எட்டி, யாழ்ப்பாணம் மட்டக்களப்புத் தமிழரின் தொகையையும் விஞ்சிவிட்டது. அரசியலமைப்பை ஆராய ஸோல்பரி கமிஷன் வந்தபோது, நூற்றுக்கு எண்பது பேர் நிலைத்தவர்கள் என்ற மதிப்பீடு அதன் முன் இருந்தது. அந்தக் குடிமதிப்பு எடுத்த இரண்டே வருஷத்தில், தகப்பன் இலங்கையில் பிறந்தான் என்றோ, பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்தார்கள் என்றோ நிரூபிக்கும்படி இந்த ஜனங்களைக் கேட்ட பிரஜா உரிமைச் சட்டம் வந்தது. அதன் மீது நாடாளுமன்றத்தில் நடந்த விவாதத்தையும், எவரெவர் எப்பக்கம் வாக்களித்தார்கள் என்பதையும் அடுத்த வாரம் விவரமாகப் பார்ப்போம்.