மலேசியாவில் எச்.ஐ.வி. சிகிச்சையும் போதைப்பழக்கத்திற்கு ஆட்பட்டோரும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மருத்துவம் என்பது மருந்தோடு முடிந்துவிடுவதில்லை. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவன் என மருத்துவத்தின் நான்கு கூறுகளைத் திருக்குறளின் மருந்து அதிகாரம் வகுத்துள்ளமை நாம் அறிந்ததே. இந்நான்கனுள் ஒன்று குறையினும் மருத்துவம் நிறைவுறாது. மலேசியாவில் எச்.ஐ.வி. சிகிச்சை பரவிய வரலாற்றை நோக்குங்கால், மருந்தின் விலை முதலில் குறைந்ததையும், ஏனைய கூறுகள் அதனோடு இணையப் பல ஆண்டுகள் சென்றதையும் காண்கிறோம். போதைப்பழக்கம், சிறைவாசம், காசநோய், கல்லீரல் அழற்சி, வீடின்மை எனப் பல இடர்களை ஒருசேரச் சுமந்த நோயாளிகளுக்குச் சிகிச்சை எவ்வாறு எட்டியது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

நோயும் சட்டமும்

மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில்தான் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தனர். ஆண்டு ஒன்றாயினும் நோய் பரவிய வழி ஒன்றன்று. தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் பாலுறவின்வழிப் பரவியது. மலேசியாவிலோ முதல் இருபது ஆண்டுகளில் பதிவு செய்யப்பட்டோருள் ஏறத்தாழ முக்கால் பங்கினர் ஊசிவழிப் போதைப்பொருள் பயன்படுத்தியோர் ஆவர். 2002ஆம் ஆண்டில் மட்டும் 6,978 புதிய தொற்றுகள் பதிவாயின. அதுவே உச்ச எண்ணிக்கையாகும்.

இந்நோய் வருவதற்கு முன்னரே போதைப்பழக்கம் குறித்த அரசின் நிலைப்பாடு உறுதிப்பட்டிருந்தது. 1983இல் போதைப்பொருள் நாட்டின் முதன்மை எதிரியாக அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டின் போதைப்பித்தர் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டத்தின்கீழ், பழக்கத்திற்கு ஆட்பட்டவரை ஈராண்டுகள் வரை மறுவாழ்வு மையத்தில் தடுத்து வைக்க இயன்றது. இதன் விளைவு யாது? ஊசி வைத்திருப்பதே குற்றச்சான்றாகிவிடும் சூழலில், தம் பழக்கத்தை மருத்துவரிடம் கூறுவதற்கும் நோயாளி அஞ்சினார். நோய் தடுப்பதற்குரிய நம்பிக்கையும், குற்றம் தடுப்பதற்குரிய கண்காணிப்பும் ஒன்றோடொன்று முரண்பட்டன.

மருந்தின் விலை

1996 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை எச்.ஐ.வி. நோயாளியின் ஆயுளை நீட்டிக்க வல்லதென நிறுவப்பட்டது. ஆயினும் காப்புரிமையால் அதன் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. 2001இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைந்த விலையில் இம்மருந்துகளை வழங்க முன்வந்தது. மருந்துப்பொருளுக்குக் காப்புரிமை வழங்காத 1970ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டமே இதற்கு வழிவகுத்தது.

இவ்வாய்ப்பினை மலேசியா பயன்படுத்திக்கொண்டது. காப்புரிமைச் சட்டத்தின் 84ஆம் பிரிவின்கீழ், 2003 நவம்பர் முதல் ஈராண்டுகளுக்குச் சிப்லாவின் மருந்துகளை அரசு மருத்துவமனைகளுக்கென இறக்குமதி செய்ய அரசு ஆணை பிறப்பித்தது. ஒரு நோயாளிக்கு மாதமொன்றுக்கு ஆன சராசரிச் செலவு 315 அமெரிக்க டாலரிலிருந்து 58 டாலராகக் குறைந்தது. இந்திய மருந்துத் தொழிலுக்கும் மலேசிய மக்கள் நலத்திற்கும் இடையே ஏற்பட்ட இத்தொடர்பு, இந்திய ஆய்வியலார் கருதத்தக்க ஒன்றாகும்.

சிகிச்சையின் வாயில்

விலை குறைந்தபின்னும் மிகுதியாகப் பாதிக்கப்பட்டோர் சிகிச்சைக்கு வெளியே நின்றனர். போதைப்பழக்கத்தை விட்ட பின்னரே எச்.ஐ.வி. மருந்து என்னும் எண்ணம் பல நாடுகளில் நிலவியது போலவே இங்கும் நிலவியது. இவ்வெண்ணத்தை வெறும் வெறுப்பென ஒதுக்கிவிட இயலாது. மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாவிடில் வைரசு எதிர்ப்பாற்றல் பெற்றுவிடும் என்னும் மருத்துவர்களின் கவலை நியாயமானதே. ஆயினும் அக்கவலைக்குரிய தீர்வு நோயாளியை விலக்குவதன்று. அவர் ஒழுங்காக மருந்துண்ண உதவுவதேயாம்.

அவ்வுதவி 2005 அக்டோபரில் தொடங்கிய மெத்தடோன் திட்டத்தின்வழி வந்தது. மறு ஆண்டு ஊசி மாற்றுத் திட்டம் தொடங்கப்பெற்றது. நாள்தோறும் மெத்தடோன் பெற வருபவருக்கு எச்.ஐ.வி. மருந்தையும் அவ்விடத்திலேயே கொடுக்க இயலும். இத்தகைய இணைப்பு இல்லாதவிடத்து நேரும் இடரை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். காசநோய்க்குரிய ரிஃபாம்பிசின், எச்.ஐ.வி.க்குரிய நெவிராபின், எஃபாவிரென்சு ஆகியவை உடலில் மெத்தடோனின் அளவைக் குறைப்பவை. மூன்று நோய்க்கும் மூன்று இடங்களில் மருத்துவம் பார்க்கும் ஒருவருக்கு, ஒரு மருத்துவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாவிடில், மெத்தடோனின் அளவு உயர்த்தப்படாது. நடுக்கமும் வலியும் அவரை மீண்டும் ஊசியை நாடச் செய்யும். பழி நோயாளியின்மேல் விழும், குறையோ அமைப்பினுடையது.

சிறையிலும் இதே நிலைதான். உள்ளே தொடங்கிய சிகிச்சை விடுதலையானதும் அறுபடுவதுண்டு. 2008இல் கிளந்தானின் பெங்காலான் செப்பா சிறையில் மெத்தடோன் வழங்கத் தொடங்கியமை இவ்வகையில் ஒரு திருப்பமாகும். 2010 முதல் மறுவாழ்வு மையங்கள் சில, தாமே விரும்பி வருவோரை ஏற்கும் சிகிச்சை மையங்களாக மாற்றப்பட்டன. 2017இல் கல்லீரல் அழற்சி 'சி' வகைக்குரிய சோஃபோஸ்புவிர் மருந்திற்கும் அரசு 2003ஆம் ஆண்டின் வழியையே பின்பற்றியது. ஊசிவழி எச்.ஐ.வி. பெற்றோருள் பெரும்பாலோர் இந்நோயும் உடையவராதலின், இது அவர்களுக்கே பெரிதும் பயன்பட வல்லது.

முடிவுரை

2002க்குப் பின் புதிய தொற்றுகள் குறைந்தன. 2010ஆம் ஆண்டை ஒட்டிப் பாலுறவுவழித் தொற்றே முதன்மை பெற்றது. ஊசிவழித் தொற்றின் இவ்வீழ்ச்சியில் மேற்கூறிய திட்டங்களுக்குப் பங்குண்டு. எனினும் 1983ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட சட்டநோக்கும் 2005இல் வகுக்கப்பட்ட மருத்துவநோக்கும் நெடுங்காலம் அருகருகே இயங்கின என்பதை மறத்தலாகாது. ஒரு கை மருந்தளிக்க, மறு கை தடுத்து வைத்தது.

மருந்தின் விலையைக் குறைக்க அமைச்சின் ஆணை ஒன்று போதுமானதாயிற்று. நோயாளி அஞ்சாமல் நுழையும் வாயிலை அமைக்கவோ மருத்துவர், தாதியர், சிறையதிகாரி, காவலர், தொண்டர் எனப் பலர் தத்தம் பழைய கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. சிகிச்சையின் வரலாற்றை எழுதப் புகும் நாம், மருந்து வந்த நாளை மட்டுமன்றி, அம்மருந்து யார் கையை எப்போது அடைந்தது என்பதையும் பதிவு செய்தல் கடனாகும்.