பாக்குக் கிடங்கில் எழுதிய பேரேடு

நான் வரலாறு படித்தவன் இல்லை. புதுச்சேரி பெரிய மார்க்கெட்டை ஒட்டிய ஒரு பாக்கு மண்டியில் முப்பத்தொரு வருஷம் கணக்குப்பிள்ளை வேலை பார்த்தவன். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் குவர்னருக்குத் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். கீழே நம் ஊர் மரத்தூண்கள், மாடியில் பிரெஞ்சு மோஸ்தரில் காரைத்தூண்கள். அந்தச் சுவரோரம் எத்தனையோ நாள் சைக்கிளை நிறுத்தியிருக்கிறேன். அவர் எழுதிய நாட்குறிப்பைக் கையில் எடுத்தது என்னவோ வேலையை விட்ட பிறகுதான்.

எடுத்ததும் என் கண்ணில் பட்டது நவாபும் இல்லை, குவர்னரும் இல்லை, பாக்குக் கிடங்கு! குவர்னர் வீட்டுக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு மனுஷர் வந்து உட்காருவது பல நாளும் தம் பாக்குக் கிடங்கில்தான். வியாபாரி வருவான், ஊர்ப் பஞ்சாயத்து வரும், ஆற்காட்டுச் சேதி வரும். பிரெஞ்சுக் கும்பினியின் அரசியலில் பாதி பாக்கு மூட்டைகளுக்கு நடுவே நடந்திருக்கிறது. இது நம்ம ஆள் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

1736 செப்டம்பர் 6இல் தொடங்கி, நடுநடுவே விட்டுப்போனாலும், சாகும்வரை இருபத்துநாலு வருஷத்துக்கு மேல் எழுதினார். ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக அது வந்து முடிந்தது 1928இல். மற்றவர்கள் அதைச் சரித்திரமாகப் படிக்கிறார்கள். எனக்கு அது ஒரு பேரேடு. வந்த கப்பல், இறங்கிய சரக்கு, கைமாறிய வராகன் எல்லாம் அதில் உண்டு. அதே கவனத்தோடு இன்னொரு சரக்கும் பற்றுவரவு வைக்கப்படுகிறது: மரியாதை. யார் யாரை எதிர்கொண்டு அழைத்தார், யாருக்குத் தாம்பூலமும் பன்னீரும் கிடைத்தன, கோட்டையில் எத்தனை பீரங்கி போட்டார்கள்? நான் மூட்டை எண்ணியதுபோல அவர் பீரங்கிச் சத்தத்தை எண்ணியிருக்கிறார்.

இதை வெறும் பெருமைப் பித்து என்று ஒதுக்கிவிட முடியாது. பிரெஞ்சுக்காரர் அன்று கடற்கரையில் கடை போட்ட வியாபாரிகள். புதுச்சேரியில் ரூபாய் அடிப்பதற்கே 1736இல் ஆற்காட்டு நவாபின் அனுமதி வேண்டியிருந்தது. வியாபாரி ராஜாவாக வேண்டுமானால், இந்த ஊர் ஜனங்கள் ராஜா என்று எதைப் பார்த்து ஒப்புக்கொள்வார்களோ அதெல்லாம் வேண்டும்: பல்லக்கு, நகரா, பட்டம், நஜர். 1740இல் மராட்டியப் படைக்குப் பயந்து ஓடிவந்த நவாப் குடும்பத்துக்குக் கோட்டைக்குள் இடம் கொடுத்த குவர்னர் துய்மாவுக்குப் பட்டம் வந்தது. பின்னால் குவர்னராக வந்த துய்ப்ளெக்ஸ் 1750 கடைசியில் தக்காணத்துச் சுபேதார் முசாபர் ஜங்கின் தர்பாரில் மொகலாய உடுப்போடு உட்கார்ந்தார். அந்தச் சபைகளின் முறை தெரிந்தவர், எந்த அடிக்கு எந்தச் சலாம் என்று சொல்லக்கூடியவர், துபாஷ்தான். மொழிபெயர்ப்பு அவர் வேலையில் சின்னப் பகுதி.

அதனால்தான் அந்த உத்தியோகத்துக்கு அத்தனை போட்டி. பெரிய துபாஷாக இருந்த கனகராய முதலி கிறிஸ்தவர். 1745இல் உழவர்கரையில் தாம் கட்டிய கோயிலுக்காக ஊரையே கூட்டி விருந்து வைத்தார். மற்ற ஜாதிக்காரர் சாப்பிட பிராமணச் சமையல் தனியாக! ஒரே பந்தலில் செல்வம், மதம், ஜாதி மூன்றுக்கும் கணக்குத் தீர்த்த விருந்து அது. 1746 பிப்ரவரியில் முதலி இறந்ததும், அந்த இடம் கிறிஸ்தவருக்கே போகவேண்டும் என்று பாதிரிமார் நின்றார்கள். கடைசியில் ரங்கப் பிள்ளைக்கே வாய்த்தது. பல்லக்கில், மேளதாளத்தோடு குவர்னர் வீட்டு வாசல்வரை போகலாம். தங்கப்பூண் பிரம்பு பிடிக்கலாம். செருப்புக் காலோடு உள்ளே நுழையலாம். செருப்பில் என்ன இருக்கிறது என்று கேட்பவர் மண்டியில் வேலை பார்த்ததில்லை. எங்கள் முதலாளி அறைக்குள் செருப்போடு போனவர் ஒரே ஒருவர்தான், எல்லோரும் காரியத்துக்கு அவரைத்தான் பிடிப்போம்.

1749இல் முசாபர் ஜங் அவரை மூவாயிரம் குதிரைக்கு மன்சப்தார் ஆக்கினார். லாயத்துக்குக் குதிரை வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அது அந்தஸ்தின் எண். புலவர்களும் வந்தார்கள். தமிழில் கோவை, தெலுங்கில் யாப்பு நூல், வடமொழியில் 1752இல் ஒரு சம்பு காவியம். முன்பு ராஜாக்கள் வாசலில் நின்ற புலவர் கூட்டம் இப்போது பாக்கு வியாபாரி வாசலில்.

ஆனால் இந்தப் பேரேட்டில் ஒரு பக்கத்தை என்னால் சும்மா புரட்டிவிட முடியவில்லை. 1748 செப்டம்பர். இங்கிலீஷ்காரர் பாஸ்கவன் ஊரை முற்றுகையிட்டிருக்கிறார். அந்தச் சந்தடியில், சம்பா கோயில் என்ற கிறிஸ்தவ தேவாலயத்தை ஒட்டியிருந்த வேதபுரீஸ்வரன் கோயிலைப் பிரெஞ்சுக்காரர் இடித்தார்கள். பாதிரிமார் வருஷக்கணக்காக விரும்பியது அது. ரங்கப் பிள்ளை பக்கம் பக்கமாக எழுதி ஆற்றாமைப்படுகிறார். துய்ப்ளெக்ஸின் மனைவியைச் சாடுகிறார், ஊராரைச் சாடுகிறார். செருப்போடு உள்ளே போகிற மரியாதை ஒரு கோயில் சுவரைக் காப்பாற்றப் போதவில்லை. அவர் வேலையை விடவும் இல்லை. இதில் எனக்கு அவர்மேல் வருத்தம் உண்டு. அவரிடத்தில் இருந்தால் நானும் விட்டிருக்க மாட்டேன் என்பதும் தெரியும்.

1754இல் துய்ப்ளெக்ஸைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். 1756இல் ரங்கப் பிள்ளையின் உத்தியோகம் போயிற்று. 1761 ஜனவரி 12, இங்கிலீஷ் முற்றுகையில் ஊர் பட்டினி கிடக்கும்போது, அவர் காலமானார். நாலே நாளில் பட்டணம் சரணடைந்தது. வென்றவர்கள் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். கோட்டை இருந்த பக்கம்தான் இன்றைய பாரதி பூங்கா. சாயங்காலம் அங்கே போய் உட்காருவேன். ஒருநாள் ராஜ்நிவாஸ் பக்கமிருந்து வெடிச்சத்தம் கேட்டது. யார் வீட்டுக் கல்யாணமோ. பழக்கதோஷம், எண்ண ஆரம்பித்தேன். ஏழோடு நின்றுவிட்டது.