யார் சொன்னால் நம்புவோம்?

2021இல் கொவிட் தடுப்பூசி வந்தபோது, வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் இருந்த ஒரு வயோதிப அம்மா அதைப் போட மறுத்தார். வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். “ஆமி நிக்கிற இடத்தில நான் ஊசி போடமாட்டன், பிள்ளை” என்றார். அறியாமை என்று அயலில் சிலர் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

கொவிட் தடுப்புக்கான தேசிய செயற்பாட்டு மையத்துக்குத் தலைவராக இருந்தவர் அப்போதைய இராணுவத் தளபதி சவேந்திர சில்வா. இறுதிப் போரில் 58ஆவது படைப்பிரிவை வழிநடத்தியவர். தனிமைப்படுத்தல் நிலையங்களை நடத்தியதும் இராணுவமே. சுகாதாரச் செய்தி யாருடைய வாயிலிருந்து வருகிறது என்பதையும் சனம் பார்க்கிறது.

வைத்தியர்களின் சொல்லுக்கும் எங்களிடம் ஒரு வரலாறு உண்டு. 2009இல் வன்னியில் காயப்பட்டவர்களைப் பராமரித்த அரச வைத்தியர்கள், பொதுமக்களின் இழப்புகளை வெளியுலகுக்குச் சொன்னார்கள். போர் முடிந்ததும் தடுத்து வைக்கப்பட்டார்கள். யூலை மாதம், தடுப்பில் இருந்தபடியே கொழும்பில் ஊடகங்களின் முன் நிறுத்தப்பட்டு, தாங்கள் சொன்னவை மிகைப்படுத்தப்பட்டவை என்றார்கள். அதைப் பார்த்தவர்களுக்கு, அரச தகவல் எதுவானாலும் சந்தேகம் வருவது இயல்பு.

இது தமிழருக்கு மட்டும் உரியதல்ல. 2020 ஏப்ரலில், கொவிட்டால் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் அரசு கேட்கவில்லை. பிறந்து 20 நாளேயான ஒரு முஸ்லிம் குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. மக்கள் பொரளை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. ஜனாஸாவை எரித்துவிடுவார்கள் என்று பயந்த குடும்பம், நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகத் தயங்காதா?

சிங்கள மக்களும் ஏமாற்றப்பட்டார்கள். 2020 டிசெம்பரில் கேகாலையில் ஒருவர் காய்ச்சிய ‘கொவிட் பாணி’க்கு ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதை ஊடகங்களின் முன் குடித்தார். அடுத்த மாதம் அவருக்கே தொற்று உறுதியானது.

அந்த அம்மாவின் மனதை மாற்றியது விளம்பரமோ அறிவித்தலோ அல்ல. எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர், பேரப்பிள்ளை பிறந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்கு வந்து போனவர். தமிழில் பேசுவார். “காய்ச்சல் வரலாம் அம்மா, கையும் நோகும். ரெண்டு நாளில மாறும்” என்று உள்ளதைச் சொன்னார். ஆமி இல்லாத சுகாதார நிலையத்துக்குத் தானே கூட்டிப் போனார்.

டெங்கு இன்றும் கொழும்பை விடவில்லை. அடுத்த தொற்று எப்போதும் வரலாம். அதற்கு முன்னரே, எங்கள் மொழியில் பேசும், எங்கள் இறந்தவர்களை மதிக்கும் சுகாதார ஊழியர்கள் ஒவ்வொரு தெருவுக்கும் வேண்டும். நோய் வந்த பிறகு நம்பிக்கையைத் தேடிக் காலமில்லை.